அலுவலக மென்பொருளும் உலாவியும்

கம்ப்யூட்டர் படித்தவர் என்று தெரிந்துவிட்டால் அலுவலகத்தில் உங்களைத் தேடி வருவார்கள். "தம்பி, சம்பளப் பட்டியல் திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். காரணம் இதுதான். பழைய அலுவலக மென்பொருள்கள் பல, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும், 1996-இல் அதனுடன் வந்த ஆக்டிவ்எக்ஸையும் நம்பி எழுதப்பட்டவை. விண்டோஸ் 10-இல் அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

அவசரத்தில் பலர் என்ன செய்கிறார்கள்? பாதுகாப்பு அளவை அடியோடு குறைக்கிறார்கள். பாப்-அப் தடையை மொத்தமாக நீக்குகிறார்கள். அதே கணினியில்தானே கம்பெனியின் வங்கிக் கணக்கையும் பார்க்கிறோம்?

சரியான வழி வேறு. எட்ஜ் உலாவியின் செட்டிங்ஸில் ஐ.இ. மோடை அனுமதித்து, அந்த ஒரு முகவரியை மட்டும் சேருங்கள். பாப்-அப் அனுமதியும் அதற்கு மட்டும் போதும். ஒன்றை மறக்காதீர்கள்: அப்படிச் சேர்த்த முகவரி வழக்கமாக 30 நாளில் காலாவதியாகிவிடும். அடுத்த சம்பள நாளில் மறுபடி கூப்பிடுவார்கள்! அலுவலகம் முழுவதற்கும் என்றால், நிர்வாகியே தளப் பட்டியல் தயாரித்து எல்லாக் கணினிக்கும் கொடுப்பதுதான் நிலைக்கும்.

இந்த வசதிக்கும் குறைந்தது 2029 வரை என்றுதான் மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லியிருக்கிறது. ஆகவே நாளை மென்பொருள் எழுதப் போகும் தம்பி தங்கைகளே, ஒரே உலாவியை நம்பி எழுதாதீர்கள். எல்லா உலாவிக்கும் பொதுவான தரத்தில் எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் நன்றி சொல்வார்கள்.