பிறர் பொதியைச் சுமவாதீர்



பத்துமலையின் 272 படிகளைக் காவடியுடன் ஏறுவோர் தாம் சுமப்பது யாதென அறிவர். பிறர் தரும் பொட்டலத்துடன் கூலிக்காக எல்லை தாண்டுவோர் அதனை அறியாதிருக்கலாம். அதில் போதைப்பொருள் இருப்பின், சட்டம் அவர்களை அறிந்தவராகவே கொள்ளும். அறியேன் என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்களுடையதே.

2009இல் ஈப்போ வட்டாரத் தமிழ் இளைஞர் ஒருவர், தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். அங்கே 15 கிராமுக்கு மேற்பட்டாலே மரண தண்டனைக்குரிய குற்றம். 2022 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். நம் நாட்டில் 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டாலும், நீதிபதி அதனை விதிக்க இன்றும் இடமுண்டு.

அனுப்பியவர் மறைந்துகொள்வார், அகப்படுபவர் சுமந்தவரே. ஆகவே, உற்றார் தரினும் உள்ளிருப்பது அறியாத பொதியை ஏற்காதீர்கள். எவரேனும் மிரட்டினால் காவல் நிலையத்தில் உடனே தெரிவியுங்கள்.