கடலடியில் படிக்கட்டு இல்லை

பள்ளி விடுமுறை நெருங்கினால் எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுதான். லங்காவியா, கேமரன்மலையா, இல்லை தமிழ்நாட்டுக் கோயில்களா என்று வீட்டுக் கூடத்தில் பெரிய விவாதமே நடக்கும். அந்த வீட்டில் சக்கர நாற்காலியில் ஓர் அண்ணனோ அத்தையோ இருந்தால், அவரிடம் மட்டும் இந்தக் கேள்வி போவதில்லை. நாம் போய் வரும் வரைக்கும் அவரை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வியாக எழும். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், அக்கறையால்தான் கேட்கிறார்கள். ஆனாலும், எங்கே போக ஆசை என்று அவரைக் கேட்டவர் யார்?

இன்றைய பேச்சின் பொருள், உடற்பேறு குறைந்தோர் ஒரு குழுவாகச் சேர்ந்து மேற்கொள்ளும் ஸ்கூபா முக்குளிப்புச் சுற்றுலா. கேட்டவுடன் பலருக்குப் புருவம் உயரும். தரையில் நடக்க முடியாதவரைக் கடலில் இறக்குவதா என்பார்கள். தரையில் நடக்க முடியாததால்தான் கடல் அவருக்குச் சுலபமாகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்கலாம்.

முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டர் சுமார் 15 கிலோ எடை இருக்கும். (பலர் அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது சாதாரணக் காற்றுதான்.) கரையில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வாட்டசாட்டமான இளைஞரே திணறுவார். தண்ணீருக்குள் போனதும் அந்தப் பாரம் தெரியாது. காற்றேற்றும் மேல்சட்டையும் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளும் சரியாக அமைந்துவிட்டால், உடல் மேலேயும் போகாது, கீழேயும் போகாது, அந்தரத்தில் நிற்கும். அங்கே கால்களுக்கு உடலைத் தாங்கும் வேலை இல்லை. கால் அசையாதவர் விரல்களுக்கிடையே சவ்வு வைத்த கையுறையை மாட்டிக்கொண்டு கைகளாலேயே நீந்துவார். கால்கள் மேலே மிதந்து தொல்லை கொடுத்தால் கணுக்காலில் சிறு எடை கட்டுவார்கள். சிலிண்டரையும் மேல்சட்டையையும் தண்ணீரிலேயே அணிவிப்பதும் உண்டு. சிறிய படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுவது எல்லா முக்குளிப்பாளருக்கும் பழக்கமான முறை. அந்த நொடியில் யாருக்குக் கால் வரும், யாருக்கு வராது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் ஒழுங்கான பயிற்சி உண்டா என்று கேட்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1981ஆம் ஆண்டில் ஹேண்டிகேப்ட் ஸ்கூபா அசோசியேஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அது வகுத்த தகுதிமுறை கவனிக்க வேண்டியது. வந்தவரிடம் "உமக்கு என்ன குறை?" என்று அது கேட்கவில்லை. "ஆபத்து நேர்ந்தால் உம்மைக் காத்துக்கொள்வீரா? கூட வரும் துணையையும் காப்பாற்றுவீரா?" என்றுதான் கேட்டது. இரண்டுக்கும் ஆம் என்று தண்ணீரில் செய்து காட்டுபவர் ஏ நிலை. மற்றவர்களைப் போலவே ஒரு துணையோடு முக்குளிக்கலாம். தம்மைக் காத்துக்கொள்வார், மற்றவருக்கு உதவ முடியாது என்றால் பி நிலை. இரண்டு துணைகள் வேண்டும். தமக்கே உதவி தேவைப்படுபவர் சி நிலை. அவருக்கும் இரண்டு துணைகள், அதில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

இந்த அளவுகோலில் இரண்டு கால் இருப்பவருக்குச் சலுகை இல்லை. உல்லாசத் தீவில் அரை நாள் பாடம் கேட்டுவிட்டுக் கடலில் குதிப்பவர் பலர் ஏ நிலையில் தேறுவாரா என்பது சந்தேகமே. சக்கர நாற்காலியில் வந்து ஏ நிலையில் தேறிய ஒரு பெண்ணின் கையில் இன்னொருவரின் உயிர் ஒப்படைக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் எல்லாரும் தம்மைத் தூக்கி வைப்பதையே பார்த்தவருக்கு, "இவரைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்று ஒருவர் சொல்வது எப்படி இருக்கும்? கருணை காட்டுவோர் எத்தனையோ பேர். பொறுப்பை நம்பிக் கொடுப்பவர் மிகச் சிலர்.

சுற்றுலா ஏன் குழுவாக நடக்கிறது என்பதும் இந்த விதியிலேயே அடங்கியிருக்கிறது. ஆறு பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஏ நிலை, மூவர் பி நிலை, ஒருவர் சி நிலை. ஏ நிலையில் உள்ள இருவரும் ஒருவருக்கொருவர் துணை. மற்ற நால்வரும் ஒரே நேரத்தில் இறங்கினால் எட்டுத் துணைகள் வேண்டும். காலையில் இருவர், மாலையில் இருவர் என்று முறை வைத்தால் நான்கு துணைகள் போதும். இப்படி அட்டவணை போட்டால்தான் செலவு கட்டுப்படும். தனியாக ஒருவர் கிளம்பினால் தமக்கும் இரு துணைகளுக்கும் பயணச் சீட்டு எடுக்க நேரிடலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகுமா?

கண் தெரியாதவரும் முக்குளிக்கிறார். துணைவர் அவர் கையைத் தொட்டு, அழுத்தி, தட்டிச் சேதி சொல்வார். காது கேளாதோர் கதையோ சுவையானது. தண்ணீருக்குள் வாயில் சுவாசக் கருவி இருப்பதால் யாரும் பேச முடியாது. மற்றவர்கள் சரி, மேலே போ, காற்று குறைவு என்று நாலைந்து சைகைகளோடு நின்றுவிட, சைகைமொழி தெரிந்த இருவர் பவளப்பாறை ஓரம் மணிக்கணக்கில் கதை பேசலாம். அங்கே பாவம் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதனால் உடலுக்குப் பலன் உண்டா? 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதுகுத்தண்டு காயமடைந்த 10 முன்னாள் படைவீரர்கள் கேமன் தீவுகளுக்குப் போய் நான்கு நாள் முக்குளிப்புப் பயிற்சி பெற்றார்கள். அதன் பிறகு அவர்களுடைய தசை இறுக்கம் சராசரியாக 15 விழுக்காடு குறைந்தது; மெல்லிய தொடுதலை உணரும் திறன் 10 விழுக்காடு கூடியது. மனத்தில் பதிந்த போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் வெகுவாகத் தணிந்தன. 1999இல், 12 வயதில் கூடைப்பந்து ஆடும்போது திடீர் நோயால் கால்கள் செயலிழந்த கோடி அன்சர் என்ற பெண் தொடங்கிய அறநிறுவனம்தான் அந்தப் பயணத்துக்குத் துணை நின்றது. அவரும் முக்குளிப்பவர். பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வைக் கொண்டு கடலில் இறங்கினால் கால் வந்துவிடும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் கடல் ஏற்றதும் அன்று. வலிப்பு நோய் உள்ளவர் நீருக்கடியில் நினைவிழந்தால் உயிருக்கே ஆபத்து. நுரையீரல் கோளாறு உள்ளவருக்கும் மருத்துவர் தடை சொல்லலாம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உடல் வெப்பம் தானாகச் சீர்ப்படாது. ஆகவே வெதுவெதுப்பான கடல்தான் அவர்களுக்குப் பொருத்தம். உணர்ச்சியற்ற கால் படகின் தளத்தில் உரசிக் கிழிந்தாலும் வலிக்காது. ஆறு மணிநேரம் கழித்து இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். அதனால் முழுநீள ரப்பர் உடையும், உட்கார மெத்தையும் அவசியம். கை விரல் இயங்காதவர் மூக்கைப் பிடித்துக் காதடைப்பை நீக்க முடியாது என்றால், துணைவர் அதைச் செய்வார்.

இத்தனைக்கும் வழி கண்டவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கரைதான். "ஒரே ஒரு படிதான், சமாளித்துக்கொள்ளலாம்" என்று தங்கும் விடுதிக்காரர் தொலைபேசியில் சொல்லுவார். அந்த ஒரு படி குளியலறை வாசலில் இருக்கும்; கதவோ நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும். நம் வட்டாரக் கடல் வெதுவெதுப்பானது, அதில் குறையில்லை. ஆனால் தியோமான் தீவுக்குப் போக மெர்சிங் படகுத்துறையில் நீரேற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பெர்ஹெந்தியானில் சில கடற்கரைகளில் இறங்க முழங்கால் நீரில் கால் வைக்க வேண்டும். மணலில் சாதாரணச் சக்கரம் புதைந்துபோகும். அகலமான காற்றுச் சக்கரம் பூட்டிய நாற்காலி இரண்டும், படகுக்கு ஏற்ற ஓர் உறுதியான பலகைச் சரிவும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். இவை ஒரு காற்றழுத்த இயந்திரத்தின் விலைகூட ஆகாது.

பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கெடுப்பது உடற்பேறு குறைந்தோரின் உரிமை என்று 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு உடன்படிக்கை கூறுகிறது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதை ஏற்றன. மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. உரிமையைக் கேட்டுப் பெற முதலில் வீட்டில் உள்ளவர்கள் வாயைத் திறக்க வேண்டுமே! "உனக்கு எதற்கு இந்த விஷப்பரீட்சை" என்ற ஒரு வாக்கியம் எந்தச் சட்டத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

போவதென்று முடிவானால், விடுதியிடம் கதவின் அகலத்தைச் சென்டிமீட்டரில் கேளுங்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள். தூக்க வேண்டிய இடத்தில் எப்படித் தூக்குவது என்று தூக்கப்படுபவரே சொல்லட்டும். தூக்குபவர்கள் அதன்படி செய்யட்டும். மின்கலச் சக்கர நாற்காலி என்றால் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், கடைசி நாளில் கடலில் இறங்கக் கூடாது. அன்றைய பொழுது உடைகளை நன்னீரில் அலசிக் காயவைக்கவும், உப்புநீர் பட்ட சக்கரங்களுக்கு எண்ணெய் போடவும் சரியாக இருக்கும்.