பெயரறியாப் பொருளை அறிவது எவ்வாறு?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பெயர் தெரியாத கரிமச் சேர்மம் ஒன்றை ஆய்வகத்தில் இனங்காண்பது எவ்வாறு, அதற்கு இன்றைய வேதியியல் தரவுத்தளங்கள் எவ்வாறு துணை நிற்கின்றன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். விழா மேடையில் இது என்ன பேச்சு எனச் சிலர் எண்ணக்கூடும். நாம் கலைப் பட்டம் பெற்றவர். வேதியியல் எம் பாடமும் அன்று. ஆயினும், எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கூறிய செய்தியே இதனைக் கேட்டறியுமாறு எம்மைத் தூண்டிற்று.

அவர் நம் தெருப் பிள்ளை. இளமறிவியல் வேதியியல் பயின்றவர். செய்முறைத் தேர்வில் அவருக்கு வெண்ணிறப் படிகம் சிறிதளவு தரப்பட்டது. சோதனைகளை முடித்து, அது இன்ன பொருள் என எழுதிக் கொடுத்தார். விடை சரியே. ஆனால் தேர்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "பெயரை உனக்குச் சொன்னது யார்?" என வினவினாராம். ஆய்வக உதவியாளரிடம் முன்னதாகவே பெயரைக் கேட்டறிந்து எழுதுவோர் உண்டு என்பது உண்மைதான். எனினும், அன்று அந்த வரிசையில் நின்ற வேறு எவரிடமும் அவ்வினா கேட்கப்படவில்லை. நம் பிள்ளை கலங்கவில்லை. தம் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு சோதனையாக எடுத்துக் காட்டினார். தேர்வாளர் மறுமொழி கூறாமல் கையொப்பமிட்டார்.

அக்குறிப்பேட்டில் இருந்தது என்ன? அதனையே உங்கள் முன் விரிக்கின்றோம்.

முதலாவது, அவர் அப்பொருளில் சிறிதளவை எரித்துப் பார்த்தார். புகை மிகுந்த சுடர் எழுந்தது. பென்சீன் வளையம் கொண்ட சேர்மமாக இருக்கலாம் என்பதற்கு அது குறிப்பு. இரண்டாவது, சோடியம் உலோகத்துடன் உருக்கிச் செய்யும் லாசைன் சோதனை. நைட்ரஜன், கந்தகம், குளோரின் முதலியன இல்லை எனத் தெரிந்தது. மூன்றாவது, சோடியம் பைகார்பனேட் கரைசலில் இட்டார்; நுரைத்துப் பொங்கிற்று. ஆகவே அது ஒரு கார்பாக்சிலிக் அமிலம். நான்காவது, உருகுநிலை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடேற்ற, 122 பாகை செல்சியசில் உருகிற்று.

அட்டவணையைப் பார்த்தால் 122க்கு நேரே பென்சாயிக் அமிலம் நிற்கிறது. உடனே அதனை எழுதிவிடலாமா? கூடாது. பீட்டா நாப்தால் என்னும் பொருளும் அதே 122 பாகையையொட்டி உருகுவதுதான். மாண்டலிக் அமிலத்தின் ஒரு வகை 119 முதல் 121 பாகைக்குள் உருகும். மூன்றும் ஏறத்தாழ ஓரிடத்தில் உருகினும், மூன்றும் வெவ்வேறு பொருள்கள். பீட்டா நாப்தால் பைகார்பனேட்டில் பொங்காது. ஆகவே அது விலக்கப்பட்டது. மாண்டலிக் அமிலமோ பொங்கும். ஆனால் அது குளிர்ந்த நீரிலேயே நன்கு கரையும். நம் மாணவர் கையிலிருந்த பொருள் குளிர்நீரில் மிகச் சிறிதே கரைந்து, வெந்நீரில் கரைந்தது. இறுதியாக, பெயர் உறுதியான பென்சாயிக் அமிலத்துடன் அதனைச் சமமாகக் கலந்து மீண்டும் உருக்கினார். இரண்டும் வேறு வேறாயின் கலவையின் உருகுநிலை தாழ்ந்துவிடும். அது தாழவில்லை, 122இலேயே நின்றது. பெயர் உறுதியாயிற்று.

தோழர்களே, இந்தப் பென்சாயிக் அமிலம் நமக்கு அயலான பொருளன்று. சாம்பிராணிப் பிசினில் உள்ளது. அதன் சோடிய உப்பு ஊறுகாய், பழச்சாறு ஆகியவை கெடாமல் காக்கச் சேர்க்கப்படுகிறது. புட்டியில் பெயர்ச்சீட்டு இல்லாதபோது மட்டுமே அது மறைபொருளாய் நின்றது.

இனித் தரவுத்தளங்களுக்கு வருவோம். பொருள்களின் இயல்புகளைத் தொகுத்து வைக்கும் வழக்கம் புதியதன்று. பைல்ஸ்டைன் என்னும் வேதியியலறிஞர் 1881இல் கரிம வேதியியற் கையேட்டை வெளியிடத் தொடங்கினார். பிற்காலத்தில் அது பல நூறு பகுதிகளாக விரிந்தது. நூறாண்டுக் காலம் அது ஜெர்மன் மொழியிலேயே வெளிவந்தது. 1984ஆம் ஆண்டையொட்டியே ஆங்கிலத்திற்கு மாறிற்று. பெரும்பொருள் உடைய நூலகங்களே அதனை வாங்க இயலும். 1965இல் அமெரிக்க வேதியியற் கழகத்தின் ஒரு பிரிவு, ஒவ்வொரு சேர்மத்திற்கும் ஓர் எண் வழங்கும் பதிவேட்டைத் தொடங்கிற்று. அதன் முழுப் பயனும் கட்டணம் செலுத்துவோர்க்கே.

நிலைமை மாறத் தொடங்கியது 1990களில். அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமாகிய நிஸ்ட், 1996இல் தன் வேதியியல் தரவு நூலை இணையத்தில் கட்டணமின்றித் திறந்தது. மறு ஆண்டு ஜப்பான் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று எஸ்.டி.பி.எஸ். என்னும் நிறமாலைத் தொகுப்பைத் திறந்தது. ஏறத்தாழ 34,000 கரிமச் சேர்மங்களின் நிறமாலைகள் அதில் உள்ளன. 2004இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் பப்கெம் என்னும் தளத்தைத் தொடங்கின. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. 2005இல், தன் கட்டணச் சேவைக்கு இது போட்டி எனக் கூறி, பப்கெம்மைக் கட்டுப்படுத்துமாறு அமெரிக்க வேதியியற் கழகம் வலியுறுத்திற்று. அறிவுக்கு வேலியிட முயல்வோர் எங்கும் உளர் என்பதற்கு இது சான்று. அத்தளம் மூடப்படவில்லை, இன்றும் எவர்க்கும் திறந்தே உள்ளது.

இவற்றைப் பயன்படுத்துவது எவ்வாறு? நம் மாணவர் முதுகலை பயின்றபோது, அதே பென்சாயிக் அமிலத்தைக் கொண்டே எமக்கு விளக்கிக் காட்டினார். நிறை நிறமாலைக் கருவி மூலக்கூறுகளை மின்னேற்றிச் சிதைத்து, துண்டுகளின் நிறையை அளந்து தருகிறது. இச்சேர்மத்திற்கு 122, 105, 77 ஆகிய இடங்களில் கோடுகள் எழும். 122 முழு மூலக்கூறு. அதிலிருந்து 17 நிறையுள்ள ஆக்சிஜன் - ஹைட்ரஜன் தொகுதி நீங்கினால் 105. பின்னர் 28 நிறையுள்ள கார்பன் மோனாக்சைடு நீங்கினால் 77. அதுவே பென்சீன் வளையத்தின் எச்சம். கழித்தல் கணக்கு அறிந்த பிள்ளை இதனைப் புரிந்துகொள்ள முடியும்.

122 என்னும் நிறைக்குப் பொருந்தும் வாய்பாடுகளுள் ஒன்று, கார்பன் 7, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 2. அதனைப் பப்கெம்மில் இட்டுத் தேடினால் ஒரு பெயர் வாராது. பல பெயர்கள் வரும். சாலிசிலால்டிகைடு அவற்றுள் ஒன்று. ஆனால் அது அறை வெப்பத்தில் நீர்மம். பாரா ஹைட்ராக்சி பென்சால்டிகைடும் வரும். அதன் நிறமாலையில் 121இல் வலிய கோடு எழும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். எஸ்.டி.பி.எஸ். தொகுப்பிலோ கோடுகளின் எண்களையே இட்டுத் தேடலாம். பின்னர் அகச்சிவப்பு நிறமாலையை ஒப்பிட வேண்டும். அலை எண் 1690ஐ ஒட்டி ஆழ்ந்த பள்ளமும், 2500 முதல் 3300 வரை அகன்ற பள்ளமும் தோன்றின், அது அமிலம் என்பதற்கு மேலும் ஒரு சான்று.

இங்கே இரு எச்சரிக்கைகளைக் கூற வேண்டும். ஒன்று: கணினி தரும் பொருத்த மதிப்பெண் தீர்ப்பன்று. சைலீன் என்னும் சேர்மத்திற்கு ஆர்த்தோ, மெட்டா, பாரா என மூன்று மாற்றியங்கள் உண்டு. மூன்றின் நிறை நிறமாலைகளும் ஏறத்தாழ ஒன்றே. கணினி முதலில் நிறுத்தும் பெயரை அப்படியே எழுதுவோர் தவறுவர். மற்றொன்று: ஏட்டில் பதிவு பெறாத பொருளைத் தேடினால், தன்னிடம் உள்ளவற்றுள் நெருங்கிய ஒன்றைக் கணினி நீட்டும். பட்டியலில் இல்லை என்பதால் அப்பொருள் உலகில் இல்லை என்று ஆகிவிடாது. இதனை நம் மக்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே முதலில் குறிப்பேடு. அதன் பின்னரே கணினி. கையால் செய்த சோதனையின்றிக் கணினி கூறிய பெயரை மட்டும் எழுதினால், "யார் சொன்னது?" என்னும் வினாவுக்கு நம்மிடம் விடை இராது.

பெரியோர்களே! மகாடு நகரத்துச் சவதார் குளத்தின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். பொதுக்குளங்கள் அனைவர்க்கும் உரியவை என 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் அந்நகராட்சியும் அதனை ஏற்றது. ஆயினும் நம்மவர் அந்நீரைத் தொட இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் முன்சென்று நீர் பருக, மக்கள் திரளாகத் தொடர்ந்து பருகிய பின்னரே அத்தீர்மானம் உயிர் பெற்றது. அதற்காக அவர்கள் அடியும் பட்டார்கள். இன்று அறிவுக் குளங்கள் சில திறந்து கிடக்கின்றன. தடுப்பார் இல்லை. ஆனால் அங்குச் சென்று பருக வேண்டும் என நம் பிள்ளைகளுக்குச் சொல்வாரும் இல்லை. கல்லூரியில் இடம் பெற்ற பின்னரும், பெயர் சொல்லித் தருவோரின் வட்டத்திற்கு வெளியே நிற்பவர்கள் அவர்கள். பிறருக்கு அண்ணனோ மாமனோ கூறுவதை, இவர்களுக்குச் சங்கமன்றோ கூற வேண்டும்?

எனவே சங்கத்தின் முன் சிறு வேண்டுகோள் ஒன்றை வைக்கின்றோம். நம் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு கணினியை இதற்கென ஒதுக்குங்கள். நாம் கூறிய மூன்று தளங்களின் பெயரையும் முகவரியையும் சுவரில் எழுதி வையுங்கள். அறிவியல் பயின்று முடித்த நம் இளைஞர் ஒருவர், வாரம் ஒரு மாலை, பயிலும் தம்பி தங்கையரின் அருகமர்ந்து சொல்லித் தரட்டும். அத்தளங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே அடிக்கடி வரும் ஒரு நூறு சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் எழுதிய தாள் ஒன்றும் அருகில் இருக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. சொற்பட்டியலைத் திருத்தித் தரும் பணியை எம் பள்ளி வேதியியல் ஆசிரியரின் துணையோடு நாமே ஏற்கின்றோம்.

இளைஞர்களே! உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். சோதனையை நீங்களே செய்யுங்கள். கண்டதைக் கண்டவாறே, கண்ட நாளிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். பிழைபட்ட சோதனையையும் அழிக்காதீர்கள். எம் மாணவரைக் காத்தது அவர் எழுதிய விடை மட்டுமன்று. அதற்கு முன்னிருந்த பக்கங்களே.