கண் முந்தும், செவி பிந்தும்



எங்கள் வீட்டில் கூடம் ஒன்றுதான். அதன் ஒரு மூலையில் தொலைக்காட்சி. மறு மூலையில் என் பெயர்த்தியின் படிப்பு மேசை. அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கோ, இரவு உணவுக்குப் பின் பழைய திரைப்படம் ஒன்றில் பாதியாவது பார்த்துவிட்டுப் படுக்கும் வழக்கம். தொலைக்காட்சியின் பின்புறம் ஒரு சிறு பெட்டியைச் செருகி, இணையத்தின் வழியே படங்களை வரவழைத்துப் பார்க்கும் வசதி இன்று பல வீடுகளில் வந்துவிட்டதன்றோ? எங்கள் வீட்டிலும் அஃது உண்டு. அதனை இணையப் பெட்டி என்றே இப்பேச்சில் வழங்குவேன்.

பெட்டி வந்த பின் நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். பெயர்த்தி காதுகளைப் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டாள். ஒருநாள் அவள், "தாத்தா, உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லையா, சொல் விளங்கவில்லையா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறரை வினவியே பழகிய எனக்கு, இத்துணைச் செம்மையான வினா ஒன்று என்னை நோக்கி வந்தது புதுமையாக இருந்தது. அதற்கு விடை தேடப் போய்த்தான் மருத்துவரிடம் செவியைச் சோதித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை. இதுவே விடை. மூப்பு வரும்போது செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் உள்ள ஒலிகளை. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலிமையோடு நிற்பவை. ச, த போன்ற மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணிய உரசல்களும் வெடிப்புகளும் உயர்ந்த அதிர்வெண்ணில் மெலிந்து நிற்பவை. ஆகவே என் காதில் உயிர் விழுந்தது, மெய் விழவில்லை. ஒலியைக் கூட்டினால் உயிர்தான் மேலும் உரத்துக் கத்தும். மெய் அப்படியே மறைந்து கிடக்கும். தமிழ் படித்தவனுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ!

தொலைவிலிருந்து வரும் ஒலி, மின்விசிறியின் இரைச்சலோடும் சுவரில் மோதி மீளும் எதிரொலியோடும் கலந்து வருகிறது. அதே ஒலி செவியின் அருகிலேயே எழுமானால், குறைந்த அளவிலும் தெளிவாக விளங்கும். ஆதலின் கம்பியில்லா ஹெட்போன் ஒன்று வாங்கினேன். செவிப்பொறி என்று அதற்குப் பெயர் சூட்ட எனக்கு ஆசைதான். கடைக்காரருக்கு விளங்க வேண்டுமே!

எங்கள் தொலைக்காட்சி பழையது. அதில் புளூடூத் வசதி இல்லை. எனவே ஒலி வெளிவரும் துளையில் செருகும் சிறு அனுப்பி ஒன்றையும் சேர்த்து வாங்கி மாட்டினேன். குரல் தேனாக வந்தது. ஆனால் படத்தில் கதாநாயகி பேசி வாயை மூடிய பிறகே அவள் குரலின் கடைசிச் சொல் என் செவியை எட்டிற்று. கண் முந்தியது, செவி பிந்தியது. ஒரு பாட்டு முழுவதும் பொறுத்துப் பார்த்தேன். தலை சுற்றாத குறைதான்.

ஆற்றின் அக்கரையில் சலவைத் தொழிலாளி துணியைக் கல்லில் அடிப்பதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். துணி கல்லில் படுவது முதலில் தெரியும். 'தப்' என்ற ஓசை பிறகு வரும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்லும். அக்கரை 70 மீட்டர் அகலத்தில் இருந்தால், ஓசை ஐந்தில் ஒரு வினாடி பிந்தும். என் ஹெட்போனில் நேர்ந்த தாமதமும் அவ்வளவே இருக்கும். கூடத்தில் பத்தடி தொலைவில் இருந்த கதாநாயகி, ஒலியளவில் ஆற்றுக்கு அக்கரை போய் நின்றுகொண்டாள்!

இத்தாமதம் ஏன்? காற்றில் செல்லும் வானலை பிந்துவதில்லை. அஃது ஒளியின் வேகத்தில் செல்வது. காலம் போவது மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே. குறுந்தகட்டின் தரத்தில் இரு செவிக்குரிய ஒலியை எண்களாக மாற்றினால், ஒரு வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகும். புளூடூத் வழி அத்தனையையும் அப்படியே அனுப்புவது எளிதன்று. எனவே அனுப்பி அதனைச் சுருக்குகிறது. வழக்கமான முறையில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே சுருங்கிவிடும். பின்னர்ச் சிறுசிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. ஹெட்போன் அவற்றைப் பெற்று விரித்து ஒலியாக்குகிறது.

அன்றியும், ஹெட்போன் வந்த பொட்டலத்தை உடனே செலவழித்துவிடுவதில்லை. நகராட்சிக் குழாயில் நீர் விட்டுவிட்டு வருகிறது. ஆயினும் மாடித் தொட்டியில் தேக்கி வைப்பதால் வீட்டுக் குழாயில் தடையின்றி விழுகிறது. அதுபோலவே ஹெட்போனும் ஒலியைச் சிறிது தேக்கி வைத்தே வழங்கும். வானவெளியில் நெரிசல் மிகுதி. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே வைஃபையும் இயங்குகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகிறது. இந்நெரிசலுக்குத் தப்ப, புளூடூத் தன் 79 அலைவரிசைகளுக்கிடையே வினாடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செல்கிறது. அவ்வாறு தாவியும் சில பொட்டலங்கள் இழக்கப்பட்டு மீண்டும் அனுப்பப்படும். தொட்டி இல்லையேல் பாட்டு விக்கும். தொட்டி இருந்தால் பாட்டு பிந்தும். விக்கலா, பிந்தலா என்னும் இரண்டில் பொறியாளர்கள் பிந்தலைத் தேர்ந்துகொண்டனர்.

இங்கே நீங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒலி படத்தை விடச் சற்றே பிந்தினால் நாம் பொறுத்துக்கொள்கிறோம், முந்தினால் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி ஏறத்தாழ 125 மில்லிவினாடி பிந்தும்வரை பார்ப்போர் அதனை உணர்வதில்லை. 45 மில்லிவினாடி முந்தினாலோ உணர்ந்துவிடுகின்றனர். இடி, வெடி, துணி துவைத்தல் என எதைப் பார்த்தாலும் இயற்கையில் ஒளி முந்தியும் ஒலி பிந்தியுமே வருகின்றன. மனித மூளை அவ்வழக்கத்திற்குப் பழகியிருப்பதே இதற்குக் காரணம் எனக் கொள்ளலாம். எனினும் ஐந்தில் ஒரு வினாடி, அதாவது 200 மில்லிவினாடி, அப்பொறுமையின் எல்லையைக் கடந்தது. திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள். என் கதாநாயகியின் குரல் ஐந்து படங்கள் பின்தங்கியது என்க.

மருந்து என்ன? ஒலியை விரைவுபடுத்த இயலாதபோது படத்தைக் காக்கவைப்பதுதான். நான் செய்த தவறு, அனுப்பியைத் தொலைக்காட்சியில் செருகியது. தொலைக்காட்சிக்கு ஹெட்போன் ஒன்று இருப்பதே தெரியாது. படத்தை அது காட்டிக்கொண்டே போயிற்று. என் பெயர்த்தி அனுப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இணையப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஹெட்போனை நேராகப் பெட்டியோடு இணைத்தாள். இப்போது ஹெட்போன் தன் தாமதம் இவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்லிவிடுகிறது. பெட்டியும் அதற்கேற்பப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறது. எல்லா ஹெட்போன்களும் இதனைச் சரியாகச் சொல்வதில்லை. அதனால் சில பெட்டிகளில் நாமே திருத்திக்கொள்ளவும் இடமுண்டு. விளையாட்டுச் செயலிகளுக்கு மட்டும் இம்மருந்து பலிக்காது. நீங்கள் பொத்தானை அழுத்தியபின் படம் காத்திருந்தால், ஆட்டத்தில் தோற்பது நீங்களே.

கிரிக்கெட் ஆட்டம் பார்க்கையில் அண்டை வீட்டார் 'அவுட்' என்று ஆர்ப்பரித்த பிறகே நம் வீட்டுத் திரையில் பந்து வீசப்படுவது வேறு தாமதம். அஃது இணைய வழியில் நேர்வது. ஹெட்போனைப் பழிக்க வேண்டா.

பெட்டி தொலைக்காட்சியின் முதுகுப்புறம் ஒளிந்திருந்தால் ஒலி அறுபடும். உலோகத் தகடு அலைகளைத் தடுக்கிறது. இடையில் ஓர் ஆள் நின்றாலும் உடலின் நீர் அவ்வலைகளைச் சற்று உறிஞ்சுகிறது. ஜகதீச சந்திர போஸ் 1895-ல் கல்கத்தாவில் சுவரைக் கடந்து அலைகளைச் செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். அவ்வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொன்ன நான், என் மனைவி குறுக்கே வந்தால் பாட்டு அறுவதைக் கண்டு வியந்தேன்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பெட்டியில் ஹெட்போன் இணைந்தவுடன் தொலைக்காட்சியின் ஒலி அடங்கிவிடும். முதல் வாரம் நான் கேட்டேன். அவள் ஊமைப்படம் பார்த்தாள். நான்காம் நாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அதனைக் கவனிக்கவும் இல்லை. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-ல் ஒலிபரப்பைத் தொடங்கிய நாளில், எளிய படிகப் பெட்டி வைத்திருந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டே கேட்க வேண்டும். ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றல் அப்பெட்டிக்கு இல்லை. ஒலிபெருக்கி வந்த பின்பே வீடே கூடிக் கேட்டது. நான் நூறாண்டு பின்னோக்கிப் போயிருந்தேன். இப்போது அவளுக்கும் ஒன்று வாங்கி, இரண்டு ஹெட்போன்களை ஒருங்கே ஏற்கும் பெட்டியாகவும் மாற்றிவிட்டோம். 2022-ல் பெயர் சூட்டப்பெற்ற ஆரகாஸ்ட் என்னும் புதிய புளூடூத் முறையில், ஓர் அனுப்பியிலிருந்து எத்தனை பேரும் கேட்கலாம். அதற்கேற்ற கருவிகள் வேண்டும்.

உங்கள் செவிகளைப் பற்றி ஒன்று. உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளது, சிறுவர்க்கு 75. மூன்று டெசிபெல் கூடினால் காலம் பாதியாகும். 90 டெசிபெல்லில் வாரத்திற்கு 4 மணி நேரந்தான். பேருந்தில் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் உங்களில் பலர், அக்கணக்கைத் திங்கட்கிழமையே தீர்த்துவிடுகிறீர்கள். என் செவி மூப்பால் இழந்ததை நீங்கள் இருபது வயதில் இழக்க வேண்டியதில்லை.

ஒலியும் படமும் ஒத்திருக்கின்றனவா என்று அறிய நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ப, ம ஆகியவை இரு இதழும் பொருந்தப் பிறப்பவை என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். செய்தி வாசிப்பவர் 'வணக்கம்' என்று சொல்லும்போது அவர் இதழ்களைப் பாருங்கள். இதழ்கள் மூடும்போதே 'ம்' கேட்டால் சரி. இதழ்கள் மீண்டும் திறந்த பிறகு கேட்டால், படத்தை இன்னும் சற்றுக் காக்கவைக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் பெயர்த்தி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "ம் சரியா, தாத்தா?" என்று கேட்கிறாள், நான் தலையசைக்கிறேன், அவள் மறுபடி கணக்கில் மூழ்கிவிடுகிறாள்.

என் இதழ்களை நீங்கள் காண இயலாது. வானொலிக்கு அந்தத் தொல்லை இல்லை. வணக்கம்.