உங்க பேர் எங்க இருக்கும்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: “தமிழ் எம்.ஏ. முடிச்சிருக்கேன். டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்ல வேலை கிடைக்குமா?”

கிடைக்கும். எனக்கும் கிடைச்சது. ஒரு மின்னூலகத் திட்டத்துல ரெண்டு வருஷம் மெய்ப்புப் பார்த்தேன். பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர் வாசிச்சுக் கொடுத்ததை மூலத்தோட ஒப்பிட்டுத் திருத்தணும்.

கேட்க சுலபமா இருக்கும். தமிழ் அச்சுல ‘ர’வும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ‘மரம்’னு இருக்கிறதை மெஷின் ‘மாம்’னு வாசிக்கும். நமக்குத் தமிழ் தெரியுமே, கண்ணு அதைத் தானா ‘மரம்’னு படிச்சுட்டுப் போயிடும். பிழை அப்படியே தங்கிடும். நாளைக்கு ஒரு ஆய்வாளர் ‘மரம்’னு தேடினா அந்தப் பக்கம் வரவே வராது.

இந்தத் துறையோட தொடக்கக் கதையிலயும் இதே சிக்கல் இருக்கு. ராபர்த்தோ பூசா, இத்தாலியைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார். தாமஸ் அக்வினாஸ் எழுத்துகள்ல ‘இன்’ங்கிற சின்ன லத்தீன் சொல் எப்படி வருதுன்னு பார்க்க, கையாலேயே சுமார் 10,000 அட்டை எழுதினவர். 1949-இல் நியூயார்க் போய் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்திச்சு உதவி கேட்டார். அதிலிருந்து பிறந்த சொல்லடைவு, 1970களில் அச்சாகத் தொடங்கி 56 தொகுதிகளா வந்தது. பூசா பேர்ல இன்னைக்கு ஒரு விருதே இருக்கு.

ஆனா அத்தனை சொற்களையும் துளை அட்டையில அடிச்சது யாரு? கல்லராத்தே ஊர்ல பயிற்சி பெற்ற இளம்பெண்கள். லத்தீன் தெரியாதவங்களைத்தான் பூசா விரும்பி எடுத்தாராம். தெரிஞ்சவங்க ‘நமக்குத் தெரியும்’ங்கிற நம்பிக்கையில கவனம் தவறிடுவாங்களாம். என் ‘மரம்’ கதைதான்!

ஆவணக் காப்பகத்துல அந்தப் பெண்களோட போட்டோ இருந்தது, பேர் இல்லை. மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அவங்களைத் தேட ஆரம்பிச்சாங்க. நைஹன் அவங்கள்ல சிலரைப் பேட்டியும் எடுத்தார். அதுக்குள்ள அரை நூற்றாண்டு ஓடிடுச்சு.

எனக்கு அவ்வளவு நாள் ஆகலை. நான் வேலை பார்த்த தளம் வெளியானப்போ நன்றிப் பக்கத்துல “மற்றும் குழுவினர்”னு இருந்தது. அடுத்த இன்டர்வியூல கேட்டாங்க: “இதுல உங்க பேரே இல்லையேம்மா?” பதில் சொல்ல வாய் வரலை.

இதுக்கு மாற்று நம்மகிட்டயே இருக்கு. 1998 பொங்கல் அன்னிக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்துல, மின்னூலோட தொடக்கத்திலேயே உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார்னு போடுவாங்க. எல்லாரும் தன்னார்வலர்கள். இலக்கியங்களைக் கணினியில குறியிடப் பயன்படுற டி.இ.ஐ. முறையிலயும், யார் எந்த வேலை செஞ்சாங்கன்னு பதிய தலைப்பகுதியில தனி இடமே உண்டு.

அதனால, கேள்வி கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். பைத்தான் கத்துக்கோங்க, டி.இ.ஐ. கத்துக்கோங்க, தப்பில்லை. ஆனா வேலையில சேரும்போதே ரெண்டு விஷயம் கேளுங்க: “என் பேர் எங்க வரும்? நான் செஞ்சதை வெளியில காட்டலாமா?” பதிலை மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க. திருத்தும்போது எடுத்த முடிவுகளை ஒரு குறிப்பேட்டுல எழுதுங்க. எந்த எழுத்துல மெஷின் சறுக்குது, ஏன்னு எழுதினா அதுவே ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு விதை.

கேட்கிறவங்கள்ல ஆசிரியர்கள் இருந்தா ஒரு வேண்டுகோள். மாணவர்களை வெச்சுத் தட்டச்சு பண்ண வைக்கிறீங்கன்னா, முதல் பக்கத்துல அவங்க பேரைப் போடுங்க. அதுக்குச் செலவு ஒரு வரிதான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.