பெயரோடு பணியையும் சொல்லுங்கள்

இன்று பாராட்டுப் பெற வந்திருக்கும் தூய்மைப் பணியாளர்களே, கொசு ஒழிப்புப் பணியாளர்களே, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுத்ததற்காகச் சான்றிதழ் வாங்கவிருக்கும் குடும்பத்தாரே!

இன்று நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். நம் சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று பிறந்தது. இந்தியாவிலேயே மூத்த மாநகராட்சி. அத்தனை வயதான ஒரு நிறுவனத்தின் பெருமையைப் பேசத்தான் அழைத்திருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் அதன் கட்டடத்தைப் பற்றியல்ல, அதில் உழைத்த மனிதர்களைப் பற்றி.

1920ஆம் ஆண்டு. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சியின் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்ததால் 1925இல் திட்டம் நின்றது. ஆனால் அந்த எண்ணம் நிற்கவில்லை. 1956இல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இத்தனைக்கும் விதை ஒரு மாநகராட்சித் தீர்மானம்!

தியாகராயர் பெயரில் நகரே இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறேன், ஆயிரம் விளக்குப் பள்ளியில் அன்று அடுப்பு மூட்டியவர் யார்? பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறியவர் யார்? இங்கே யாருக்காவது அவர் பெயர் தெரியுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த மெத்தையும் அரிசியும் புத்தகமும் தெருத்தெருவாக மலைபோல் கிடந்தன. அதை அள்ள வெளி மாவட்டங்களின் நகராட்சிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். நம் வீட்டுச் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரையாவது நாம் கேட்டு வைத்துக்கொண்டோமா? இந்தக் கேள்வி என்னை இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் இப்படியொரு பாராட்டு விழா எனக்குப் பெரிதாகப்படுகிறது. அதே காரணத்தால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் விழாக்களில் பெயரை வாசிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம், அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கொசு ஒழிப்புப் பணியாளர் என்ன செய்கிறார்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகச் சாக்கடையில் முட்டையிடாது. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் அவர் வாராவாரம் வந்து கதவைத் தட்டுகிறார். மொட்டைமாடித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கிறார், பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கிறார், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார். “போன வாரம்தானே வந்தீர்கள்” என்று கதவைச் சாத்துகிறோம். அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறைக் கொசு கிளம்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் மேடையில் வாசித்துப் பாருங்கள். அடுத்த வாரம் எல்லாக் கதவும் திறக்கும்.

தரம் பிரிக்கும் குடும்பங்களுக்கும் இதே மரியாதை வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டின் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016இலேயே விதி வந்தது. ஒரு வீட்டில் பிரிக்காவிட்டால், குப்பை அள்ளும் பேட்டரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு மனிதர் கைவிட்டுப் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடி அவர் விரலைக் கிழிக்கிறது. குழந்தையின் டயப்பரைச் சுற்றாமல் போட்டால் அதுவும் அவர் கைக்குத்தான் வருகிறது. கண்ணாடித் துண்டைச் செய்தித்தாளில் மடித்துத் தனியாகக் கொடுக்கும் அம்மா ஒருவருடைய விரலைக் காப்பாற்றுகிறார். அவருடைய சான்றிதழில் அப்படியே எழுதுங்கள். “சிறந்த குடியிருப்பாளர்” என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

மாநகராட்சியின் புகார் எண் 1913. தெருவிளக்கு எரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பேசுகிறோம். பேசுங்கள், அது வரி கட்டுகிறவரின் உரிமை. ஆனால் நல்ல வேலை நடந்ததைச் சொல்லவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இப்போது இருக்கிறது. 2022இல் இதே நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். கிராமத்துக்குக் கிராம சபை போல நமக்கும் ஒரு சபை கிடைத்திருக்கிறது. அங்கே நாம் குறைகளை மட்டும் கொண்டுபோகிறோம்.

இன்னொன்று. காலை ஆறு மணிக்கு வேலைக்கு இறங்கும் பெண் பணியாளருக்கு இந்தப் பகுதியில் கழிப்பறை எங்கே இருக்கிறது? எந்த வீட்டு வாசலில் அவர் தண்ணீர் கேட்கலாம்? பொன்னாடை பெட்டியில் மடிந்து கிடக்கும். கழிப்பறையும் தண்ணீரும் அவருக்குத் தினமும் வேண்டும். கையுறை, காலணி, நேரத்துக்குச் சம்பளம் ஆகியவை அரசும் ஒப்பந்ததாரரும் தர வேண்டியவை. அவற்றை நாம் வலியுறுத்துவோம். ஆனால் நம் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் கழிப்பறைச் சாவி நம் கையிலேயே இருக்கிறது.

ஆகவே விழாத் தலைவர் அவர்களின் அனுமதியோடு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். இன்று பாராட்டப்படும் ஒவ்வொருவரும் செய்த பணியைச் சில வரிகளில் எழுதி, அடுத்த பகுதி சபையில் வாசித்து, கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்யக் கோர வேண்டும். நம் சங்கக் கட்டடத்தின் கழிப்பறையும் குடிநீரும் நாளைக் காலை ஆறு மணியிலிருந்து பணியாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். வழிமொழிகிறவர்கள் எழுந்து நின்று சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.