தேசப்படத்தில் ஒரு கடை

யாழ்ப்பாணத்திலே ஒரு கடைக்கு வழி சொல்லும் முறை தனியானது. சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கவேண்டும், மேற்கே திரும்பவேண்டும், பிள்ளையார் கோயிலைக் கடந்ததும் வருகின்ற இரண்டாம் ஒழுங்கையில், வேப்பமரத்துக்கு எதிரே, பச்சைக் கதவு போட்ட கடை. அந்த ஒழுங்கைக்குப் பெயர் உண்டோ, கடைக்கு இலக்கம் உண்டோ என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் சிலரே. இவ்வாறு வழி சொல்லியும் கேட்டுமே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடந்து வந்திருக்கிறது.

அவ்வழக்கம் முற்றாக அழிந்துவிடவில்லை. ஆயினும் இன்று சந்தியில் இறங்குகிறவர், தேநீர்க் கடையில் நிற்பவரிடம் வாய் திறக்குமுன் தமது கைத்தொலைபேசியைத் திறக்கிறார். தையற்கடை என்று அதில் எழுதுகிறார். திரையிலே ஒரு தேசப்படம் விரிகிறது. அதன்மேல் செந்நிறக் குறியொன்று நிற்கிறது. அக்குறியை நோக்கி அவர் நடக்கிறார். குறி அடுத்த ஒழுங்கையில் நிற்குமாயின் அவரும் அடுத்த ஒழுங்கையிலேதான் போய் நிற்பார். அங்கே ஒரு வீட்டுப் படலையும் குரைக்கின்ற நாயும் இருக்கும்; கடை இராது. சற்று நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு அவர் வேறு கடையைத் தேடிப் போய்விடுவார். தம்மைத் தேடி ஒருவர் வந்தார் என்பதே கடைக்காரருக்குத் தெரியவராது. கடைவாசலில் வந்து சண்டையிட்டுப் போகிறவரால் உண்டாகும் நட்டத்தைக் கணக்கிடலாம். வாசலுக்கே வராதவரால் உண்டாகும் நட்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் கிரேட் ஃபோல்ஸ் என்னும் ஊரிலே, சேர்பியன் கிரவுண் என்ற பெயருடைய உணவகம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் நடந்த உணவகம் அது. ஊரின் நடுவே அமைந்ததன்று. தேடிக்கொண்டு போகவேண்டிய இடம். 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வார இறுதி நாட்களிலே அங்கு வருவோர் தொகை திடீரென விழுந்துவிட்டது. காரணம் விளங்காமல் உரிமையாளர் தவித்துக்கொண்டிருந்த வேளையில், பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்களிலும் உணவகத்தை மூடிவைப்பது ஏன் என்று கேட்டார். கூகிள் தேசப்படத்திலிருந்த பதிவு அந்நாட்களில் உணவகம் மூடப்பட்டிருக்கும் என்று காட்டியதாம். உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். கணினியைக் கையாண்டு பழகாதவர். தமது கடையைப் பற்றி அப்படியொரு பதிவு உலகத்தின் கண்முன்னே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. 2013இல் உணவகம் மூடப்பட்டது. பிழையான அப்பதிவே தமது தொழிலைக் கெடுத்தது என்று அவர் வழக்குத் தொடுத்தார். கூகிள் நிறுவனம் அதனை ஏற்கவில்லை. வழக்கின் நியாய அநியாயம் எவ்வாறாயினும், சனிக்கிழமை இரவில் வெறுமையாய்க் கிடந்த மேசைகள் மாத்திரம் உண்மை.

கடைக்காரர் கேளாமலே அவர் கடை தேசப்படத்தில் ஏறுவது எங்ஙனம்? இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலே அது வரைந்த தேசப்படங்களில் குளங்களும் கோயில்களும் தபாற் கந்தோர்களும் இடம்பெற்றன. ஓர் ஒழுங்கையிலுள்ள தையற்கடை அவற்றில் இடம்பெற வழியில்லை. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த கூகிள் தேசப்படமோ வேறு இயல்புடையது. பிறருடைய விவரக் கொத்துகளிலிருந்தும், இணையத்தளங்களிலிருந்தும், வழியே போகின்ற பொதுமக்களிடமிருந்தும் அது செய்தி திரட்டுகிறது. கடையொன்றின் பெயரைச் சேர்ப்பதற்கோ, திறக்கும் நேரத்தைத் திருத்தும்படி விண்ணப்பிப்பதற்கோ அக்கடையின் சொந்தக்காரராய் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே கடைக்காரர் மௌனமாக இருந்தாலும் அவருடைய கடையைப் பற்றி யாரோ ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

எனவே முதலாவது வேலை, அப்பதிவு தம்முடையது என்று உரிமை கோருவதாகும். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. உரிமை கோருபவர் உண்மையிலே கடைக்காரர்தானா என்பதை நிறுவனம் சோதிக்கும். முன்னாளில் இரகசிய இலக்கம் எழுதிய தபாலட்டையொன்று கடை முகவரிக்கு வருவதே பெருவழக்கு. தொலைபேசி மூலமாகச் சோதிப்பதும் உண்டு. இக்காலத்தில் பலரிடம் கேட்கப்படுவது ஒரு சிறு வீடியோப் படம்: வீதியையும் அயலையும் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, கடைக்காரர் மாத்திரமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை, அதாவது பூட்டைத் திறப்பதையோ காசுப்பெட்டியை இழுப்பதையோ, காட்டவேண்டும். இதனை அவமதிப்பென்று எண்ணிக் கோபிக்கும் முதலாளிமாரும் உளர். ஆனால் 2023இல் கூகிள் நிறுவனம் அமெரிக்காவில் தொடுத்த ஒரு வழக்கை அறிந்தால் அக்கோபம் தணியும். இல்லாத கடைகளுக்கு 350 போலிப் பதிவுகளும், அவற்றுக்கு 14,000க்கு மேற்பட்ட போலி மதிப்புரைகளும் ஒருவரால் உண்டாக்கப்பட்டன என்பது அந்த வழக்கின் குற்றச்சாட்டு. சோதனையின்போது ஒரே கருவி மேசையை ஒருமுறை கதவு திருத்துமிடமாகவும் வேறொருமுறை மரம் வெட்டுவோரின் தொழிலிடமாகவும் காட்டினாராம்! நாடகக் கொட்டகையிலும் இத்தனை விரைவாகக் காட்சி மாறுவதில்லை.

உரிமை கோரும்போது ஒரு செய்தியிற் கவனம் வேண்டும். நம்மவர் கடைகள் பலவற்றில் இவ்வேலையைச் செய்துவைப்பவர் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த தமக்கையின் மகனாய் இருப்பார். தமது சொந்த மின்னஞ்சலிலே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு அவர் விமானம் ஏறிவிடுவார். ஓராண்டு கழிந்து கடையின் தொலைபேசி இலக்கம் மாறும்போது, அப்பதிவைத் திருத்த ஊரில் எவராலும் இயலாது. கடையின் பெயரிலே தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்து, அதனையே உரிமையாளர் கணக்காக்கி, உதவி செய்யும் இளைஞரை முகாமையாளராக மாத்திரம் சேர்ப்பது தகும். அதற்கு அங்கே இடமுண்டு.

இனிப் பெயர். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் எதுவோ, பதிவிலும் அதுவே இருத்தல் வேண்டும். தேடுவோர் கண்ணிற் படவேண்டும் என்ற ஆசையினால், கடைப்பெயரோடு, யாழ்ப்பாணத்தின் மலிவான சிறந்த தையற்கடை, மணப்பெண் சட்டை, பாடசாலைச் சீருடை என்று வால் நீட்டுவோர் உண்டு. இது விதிக்கு முரணானது, பதிவே இடைநிறுத்தப்படலாம். விதி இல்லாவிட்டாலும் அது அழகன்று. தாம் செய்கின்ற தொழில்களைச் சொல்வதற்கு வேறிடம் இருக்கிறது. முதன்மை வகை ஒன்றும், மேலதிகமாக ஒன்பது வரையும், கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து தெரியலாம். முதன்மை வகையைத் தெரிவதிலேயே பலரும் தவறுகின்றனர். தையற்கடைக்காரர் பெருமைக்காகத் துணிக்கடை என்று பதிந்துகொண்டால், சேலை வாங்குவோர் வந்து ஏமாறிப் போவர். சட்டை தைக்க வேண்டியவர் வாரார்.

எழுத்துக்கூட்டல் நம் நாட்டுக்கே உரிய தொல்லை. வெள்ளவத்தையை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஏ' எழுத்தில் முடிப்பாரும் உளர். 'ஈ' எழுத்தில் முடிப்பாரும் உளர். சாவகச்சேரியை எழுதப் புகுந்தால் எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவோர் பலர். பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு, முகநூற் பக்கம், தேசப்படப் பதிவு ஆகிய நான்கிலும் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் ஒரே வடிவில் இருந்தால், தேடுகின்ற இயந்திரத்துக்கும் மயக்கம் குறையும். மனிதருக்கும் மயக்கம் குறையும். செந்நிறக் குறியையோ இயந்திரத்தின் ஊகத்துக்கு விட்டுவிடாமல், வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, தமது கூரையை இனங்கண்டு, அதன்மேலே கையால் இழுத்து வைக்கவேண்டும். பெயரில்லா ஒழுங்கைகள் மலிந்த ஊர்களில் இந்த ஒரு செயல் மற்றெல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

அடுத்தது நேரம். சேர்பியன் கிரவுண் உணவகத்துக்கு நேர்ந்த துன்பம் நேரத்தினால் வந்தது. ஒரு மருந்துக்கடையை நினைத்துப் பார்க்கலாம். விளம்பரமாக இருக்கட்டும் என்று, 24 மணிநேரமும் திறந்திருக்கும் என அதன் பதிவில் யாரோ எழுதிவிட்டார்கள். இரவு பதினொரு மணி. காய்ச்சலிற் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வேண்டி ஒரு தகப்பன் ஓட்டோவில் வருகிறார். வழியில் திறந்திருந்த இன்னொரு கடையை, இங்கே நிச்சயமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையிற் கடந்து வருகிறார். வந்து பார்த்தால் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருக்கிறது. அந்த வேளையில் அப்பதிவிலிருக்கும் பொய் வியாபாரத் தந்திரமன்று. அந்தக் குழந்தைக்கு இழைத்த தீங்கு.

சாதாரண நாட்களின் நேரத்தை எழுதுவதோடு காரியம் முடிவதில்லை. மாதந்தோறும் போயா வருகிறது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார் என விடுமுறைகள் தொடர்கின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்து மறிக்கப்படும். அங்குள்ள கடைகளுக்கு அது தனிக் காலம். இத்தகைய நாட்களுக்கென்றே விசேட நேரம் குறிக்கும் பகுதி பதிவில் உள்ளது. அரைநாட் கடையடைப்பைக்கூட அதில் எழுதலாம். ஐந்து நிமிட வேலை, செய்வோர் அரியர்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கடைக்குள் அடுக்கிய சாமான்களைவிட, வீதியிலிருந்து பார்த்தால் கடைமுகப்பு எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும் ஒரு படமே முதலில் வேண்டும். வேப்பமரமும் அதில் விழுந்தால் மிக நன்று. வேறெங்கோ எடுத்த அழகிய படத்தைத் தம்முடையதென்று இடுவது பின்னர் வெட்கத்தைத் தரும். கடையைப் பற்றிய விளக்கத்துக்கு 750 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. அதன் பாதியே போதும்.

மதிப்புரைகளோ பெரும் மனவேதனைக்கு இடமானவை. முப்பது வருடம் நேர்மையாகத் தைத்துக் கொடுத்தவருக்கு, முகமறியாத ஒருவர் ஒற்றை நட்சத்திரம் இட்டுவிட்டுப் போகிறார். உறவினர் இருபது பேரைப் பிடித்து ஐந்தைந்து நட்சத்திரம் இடச்செய்யலாம் என்ற எண்ணம் அப்பொழுதுதான் எழுகிறது. அவ்வகைப் புகழின் பெறுமதியை 2017இல் லண்டன் நகரம் கண்டது. ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் டல்விச் பகுதியிலுள்ள தமது தோட்டத்துக் கொட்டிலை ஓர் உணவகமென்று டிரிப்அட்வைசர் தளத்திற் பதிந்து, நண்பர்கள் எழுதிய பொய் மதிப்புரைகளைக் கொண்டே, அதனை லண்டனின் முதலாவது உணவகம் என்ற தானத்துக்கு ஏற்றிவிட்டார். அங்கே அடுப்புகூட எரியவில்லை. வாடிக்கையாளரிடம், விருப்பமானால் தமது கருத்தை எழுதும்படி கேட்பதில் குற்றமில்லை. அதற்காக விலைக்கழிவோ பரிசோ கொடுப்பதை விதிகள் தடுக்கின்றன. குறைகூறிய மதிப்புரைக்கு மறுமொழி எழுதும்போது, அதனைக் குறைகூறியவர் மாத்திரமன்றி இனி வரப்போகிறவர்களும் வாசிப்பர் என்பதை நினைவில் வைத்தல் நன்று. தவறு நேர்ந்திருந்தால், சட்டையைக் கொண்டுவந்தால் கூலியின்றித் திருத்தித் தரப்படும் என்ற ஒரு வரி, நீண்ட சமாதானத்தைவிட மேலானது.

இவ்வளவுஞ் செய்தால் தேடும்போது முதலாவதாகத் தோன்றலாமா என்று கேட்பர். பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றையும் நோக்கியே வரிசை அமைவதாகக் கூகிள் நிறுவனம் தெரிவித்திருக்கிறது. இவற்றுள் தூரம் எவர் கையிலும் இல்லை. கொக்குவிலில் இருக்கும் கடை நல்லூரில் நிற்பவருக்கு அண்மையாகிவிடாது. விளம்பரங்கள் தனியே விளம்பரமென்ற குறியோடு வரும். அவற்றுக்குப் புறம்பான இவ்வரிசையில் மேலிடத்தைப் பணம் கொடுத்து வாங்க இயலாது என்றும் நிறுவனம் கூறுகிறது. ஆதலால் முதலிடம் பிடித்துத் தருவதாக உறுதி கூறிப் பணம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவரிடம் மரியாதையாக வணக்கம் சொல்லி இணைப்பைத் துண்டிப்பதே முறை.

கடை இடம் மாறும்போதும் மூடப்படும்போதும் பதிவு மறக்கப்படுவதே வழக்கமாகிவிட்டது. கஸ்தூரியார் வீதியிலிருந்து காங்கேசன்துறை வீதிக்குக் கடை மாறினால் புதிய பதிவொன்றைத் தொடங்கலாகாது. பழைய பதிவிலேயே முகவரியை மாற்றினால் ஆண்டாண்டாகச் சேர்ந்த மதிப்புரைகளும் கூடவே வரும். உரிமையாளர் காலமாகிப் பிள்ளைகள் பூட்டிவிட்ட கடைகளும் உண்டு. மணிக்கூடு திருத்திய ஒருவரின் கடைக்கதவு துருப்பிடித்துக் கிடக்கும். தேசப்படத்திலோ இன்னும் திறந்திருக்கிறது என்று இருக்கும். அதனைப் பார்த்து அழைப்பவர்களுக்கு வீட்டிலிருந்து அவருடைய மனைவி, அவர் இப்போது இல்லை என்று ஒவ்வொரு முறையும் மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பார். நிரந்தரமாக மூடப்பட்டது என்று குறிப்பதற்கு அப்பதிவிலே ஓரிடம் உண்டு. பிள்ளைகளில் ஒருவர் அதனை அழுத்தும்வரை அந்தத் தொலைபேசி ஒலித்துக்கொண்டேயிருக்கும்.